துண்டு முதல் கடவுச்சொல் வரை

வாயில் தோன்றிய அன்றே வாயிற்காவலனும் தோன்றினான். அவனைத் தாண்டிச் செல்ல விரும்புவோர் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அல்லது ஒரு சீட்டைக் காட்ட வேண்டும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பாசறையில் இந்த வழக்கம் எவ்வாறு நடைபெற்றது என்பதைப் பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அன்றைய இரவுக்குரிய இரகசியச் சொல் ஒரு மரப்பலகையில் எழுதப்பட்டு, அணி அணியாகக் கைமாறி, இருட்டுவதற்குள் அதிகாரியிடம் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் எந்த அணியிடம் அது தங்கிவிட்டது என்ற விசாரணை உடனே தொடங்கும். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமமோ இதனினும் கொடிய செய்தியைக் கூறுகிறது. யோர்தான் ஆற்றுத் துறையில் ஒரு சொல்லின் முதலெழுத்தைத் தம் நாவினால் உச்சரிக்க இயலாத காரணத்தால் மனிதர் வெட்டப்பட்டனர் என்கிறது அது.

அந்தக் கதையை வாசிக்க நாம் யோர்தான் வரை போக வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நமது தீவின் தெருக்களில், வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி மனிதரைப் பிரித்தறிந்தார்கள். 1983 ஜூலையில் பதுளை நகரமும் தீக்கு இரையாயிற்று. ஒரு சொல் ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் எப்போதுமே சிறிய காரியமாக இருந்ததில்லை.

தமிழில் இன்று நாம் வழங்கும் ‘கடவுச்சொல்’ என்ற சொற்சேர்க்கை இந்த வரலாற்றையெல்லாம் தன்னுள் அடக்கி நிற்கிறது. கடவு என்றால் கடந்து செல்லும் வழி. இருப்புப்பாதையைக் கடக்கும் இடத்தைப் புகையிரதக் கடவை என்கிறோம். நாட்டின் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு. கணினியின் எல்லையைக் கடக்கக் கடவுச்சொல். இரண்டும் ஒரு வேரிற் கிளைத்தவை. இந்த உறவு சொல்லளவில் நின்றுவிடுவதன்று என்பதை ஊவா மாகாணத்தின் தோட்டப்புற மக்களைவிட நன்கு உணர்ந்தோர் இல்லை.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மேலோட்டமாகப் பார்த்தால் மிகச் சிறியது. பதுளை, பசறை, ஹாலி எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் இன்று மேசைக் கணினிகள் இருக்கின்றன. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிவகங்கள் என்ற பெயரில் கிராமங்களுக்குக் கணினி நிலையங்கள் வந்தன. அதே ஆண்டில் பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. இக்கணினிகளைப் பழகுவோர் யாவரும் ஒருநாள் எதிர்ப்படும் தடை ஒன்றுண்டு. புதிய மென்பொருள் ஒன்றை நிறுவவோ, அச்சுப்பொறி ஒன்றை இணைக்கவோ முனையும்போது ‘நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தருக’ என்று திரை கேட்கிறது. சரியென்று உறுதியாக நம்பும் சொல்லையே தட்டுகிறோம். ‘தவறு’ என்கிறது. மீண்டும் தட்டுகிறோம். மீண்டும் ‘தவறு’ என்கிறது.

இவ்விடத்தில் பெரும்பாலோர் முதலில் ஐயுறுவது தம்மைத்தான். கற்றவர்கூடத் தம் நினைவைச் சந்தேகித்துத் தலை குனிகிறார். இந்தத் தலைகுனிவையே நாம் ஆராய விரும்புகிறோம். ஒரு சொல் மறுக்கப்படும்போது பொய்யானது எது? சொன்னவரா, சொல்லா, அல்லது அதை ஒத்துப்பார்க்கும் ஏடா?

கணினியில் கடவுச்சொல் எவ்வாறு புகுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டில், பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவரது தோழர்களும் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையொன்றை உருவாக்கினர். அக்காலத்தில் கணினி மிக அரிய பொருள். ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று பங்கிட வேண்டியிருந்தது. ஒருவர் கோப்பை மற்றவர் தொடாமற் காக்கவும் வேண்டியிருந்தது. அதற்காகவே கடவுச்சொல் வந்தது. அரிதான ஒன்றைப் பங்கிடுவதற்கான கருவியாகவே அது பிறந்தது என்பதை மனத்திற் கொள்வோம்.

அடுத்த ஆண்டிலேயே அதன் குறை வெளிப்பட்டது. அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் எழுதப்பட்டிருந்த கோப்பையே அச்சிட வைத்து, பிறர் பெயரில் நுழைந்து தம் வேலையை முடித்துக்கொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே கணினியில் இரண்டு கோப்புகள் இடம் மாறிப் போனதால், நுழைந்தோர் அனைவருக்கும் அனைவரது கடவுச்சொற்களும் வரவேற்புச் செய்தியாகத் தோன்றிய வேடிக்கையும் நிகழ்ந்தது. ஏட்டை வைத்திருப்பவன் எல்லாருடைய சொல்லையும் வைத்திருக்கிறான் என்ற உண்மை அன்றே புலனாயிற்று.

இதற்குப் பரிகாரம் தேடியோர் ஓர் அரிய வழியைக் கண்டனர். 1960களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரொஜர் நீட்ஹாம் முதலியோர், சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், திரும்பப் பெற முடியாத கணக்கு ஒன்றினால் அதை உருமாற்றி, அவ்வுருவத்தை மட்டும் ஏட்டில் வைக்கும் முறையை வகுத்தனர். நெல்லை அரைத்து மாவாக்கலாம். மாவிலிருந்து நெல்லைப் பெற முடியாது. அதுபோன்றதே இதுவும். 1979இல் ரொபர்ட் மொரிசும் கென் தொம்சனும் யுனிக்ஸ் முறைமை பற்றி எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவர் சொல்லோடும் சிறிதளவு தற்செயலான எழுத்துகளைக் கலந்து அரைப்பதை விளக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’ என்பதாகும். இன்றைய மேசைக் கணினிகளும் சொல்லை அரைத்து உருவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. உப்பைக் கலப்பதில் மட்டும் முறைமைக்கு முறைமை வேறுபாடுண்டு.

ஆகவே கணினிக்கு நம்மைத் தெரியாது. நமது சொல்லும் தெரியாது. இப்போது தட்டியதை அரைத்துப் பார்க்கிறது; முன்பு அரைத்து வைத்ததோடு ஒத்துப் பார்க்கிறது. ஓரெழுத்து மாறினும் முழு உருவமும் மாறிவிடும். ‘கிட்டத்தட்டச் சரி’ என்பது அதற்கு இல்லை. ‘தவறு’ என்று அது கூறும்போது, ‘நீ பொய்யன்’ என்று கூறவில்லை. ‘இவ்விரண்டும் பொருந்தவில்லை’ என்றே கூறுகிறது.

இதை உணர்ந்தவர் பதற மாட்டார், ஒழுங்காக விசாரிப்பார். அந்த விசாரணைக்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது கேள்வி: நாம் சொன்னதையே கணினி கேட்டதா? தட்டுபவர் கண்ணுக்குத் தெரிவன கரும்புள்ளிகள் மட்டுமே. பெரிய எழுத்துக்கான பூட்டு விசை அழுந்தியிருக்கலாம். எண்களுக்குரிய பூட்டு திறவாதிருக்கலாம். விசைப்பலகை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கோ சிங்களத்திற்கோ மாறியிருக்கலாம். மும்மொழியும் புழங்கும் நமது பாடசாலைகளில் இக்கடைசிக் காரணத்தை அடிக்கடி காணலாம். சொல்லை மறைவின்றிக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்தியோ, பெயர் எழுதும் கட்டத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்து அழித்தோ இதைச் சோதிக்கலாம். தேய்ந்த விசை ஓர் எழுத்தை விழுங்குவதும் அப்போது தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: எந்த ஏட்டோடு ஒத்துப் பார்க்கிறது? ஒரே பெயரில் கணக்குகள் பலவிடங்களில் இருக்கக்கூடும். கணினிக்குள்ளேயே உள்ள கணக்கு ஒன்று. இணையத்தின் வழி மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஏட்டில் உள்ள கணக்கு வேறு. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ள கணக்கு இன்னும் வேறு. கைபேசியில் கடவுச்சொல்லை மாற்றியவர், இணையத் தொடர்பற்ற பாடசாலைக் கணினியில் புதிய சொல்லைத் தட்டினால் அது மறுக்கும். பழைய சொல்லையே அது நினைவில் வைத்திருக்கிறது. வலையமைப்பிற் சேர்ந்த கணினியில், பெயருக்கு முன்னே ஒரு புள்ளியும் ஒரு பின்சாய்கோடும் இட்டால், ‘இந்தக் கணினியின் ஏட்டையே பார்’ என்று பொருள்படும்.

மூன்றாவது கேள்வி: கணக்கு உயிரோடு இருக்கிறதா? 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, ‘நிர்வாகி’ என்று பெயர் சூட்டிய உள்ளமைந்த கணக்கு செயலற்றதாகவே நிறுவப்படுகிறது. அதன் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது வீண். பலமுறை தவறாகத் தட்டினாலும் கணக்கு பூட்டப்படுவதுண்டு. 2022இன் விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவிய கணினிகளில், 10 தவறான முயற்சிகளின் பின் 10 நிமிடம் கதவு அடைக்கப்படும். அந்நேரத்தில் சரியான சொல்லையும் அது ஏற்காது. கோபத்தோடு தட்டுவதிலும் காத்திருப்பதே பயன்தரும்.

நான்காவது கேள்வி: அதிகாரம் வேறு யாரிடம் இருக்கிறது? அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள இரண்டாவது கணக்கு இருக்குமாயின், அதன் வழியே புதிய சொல்லைச் சூட்டலாம். கணினியிலேயே உள்ள கணக்காயின், 2018 முதல் முன்கூட்டியே பதிந்த வினாக்களுக்கு விடை தந்தும் மீளலாம். இணையக் கணக்காயின் இன்னொரு சாதனத்திலிருந்து அதை மீட்கலாம். ஆனால் பிறர் மாற்றிச் சூட்டும்போது, மறைகுறியாக்கி வைத்த கோப்புகள் திறவாமற் போகக்கூடும் என்பதையும், வட்டு முழுவதும் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்பு எண் கையில் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. எதுவும் பலியாதபோது, கோப்புகளைக் காத்துக்கொண்டு முறைமையைப் புதிதாக நிறுவுவதே எஞ்சும் வழி. முகமறியாத இடங்களிலிருந்து பூட்டுடைக்கும் கருவிகளை இறக்கி ஓட்டுவது, திருடனைக் கூப்பிட்டுத் திறப்பைத் தேடச் சொல்வதை ஒக்கும்.

இந்த நான்கு கேள்விகளையும் இனி ஊவாவின் வரலாற்றிடம் கேட்போம். ஏனெனில் ‘நிர்வாகி’ என்ற சொல்லைத் தோட்டப்புற மாணவன் கணினித் திரையிலன்று முதலிற் கேட்டது. நிர்வாகம் என்றால் அவனுக்குத் துரை, துரையின் பங்களா, தோட்டத்து அலுவலகத்தின் தடித்த பேரேடுகள்.

1869ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் துருநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கருகே தம்பேத்தன்னையில் தோட்டம் வாங்கினார். இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. மலை குடைந்து பாதையும் மரம் சாய்த்துத் தோட்டமும் ஆக்கிய கைகள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கைகளுக்குரியவர் எவ்வாறு வாயிலைக் கடந்தனர்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகரச் சீட்டு’ முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. அதைக் காட்டினால் புகையிரதம் ஏற்றிக்கொள்ளும். செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்பு அது தொழிலாளியின் கடனாக இறங்கும். சீட்டில் மனிதனின் பெயர் முக்கியமன்று. அவன் எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதே முக்கியம். கழுத்திலே கட்டியிருந்தது அவன் அடையாளமன்று. அவனைப் பெற்றுக்கொள்ளவிருந்தவரின் அடையாளம்.

உள்ளே வந்தவர் வெளியேற இன்னொரு காகிதம் வேண்டும். அதுதான் ‘துண்டு’. தமிழ்ச் சொல்லாகிய இது ஆங்கிலேயரின் அரசாங்க அறிக்கைகளிலும் அப்படியே ஏறிற்று. இத்தனை ரூபாய் கடனைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக நடப்பான். கூடுதலாகப் பணம் தர முன்வரும் தோட்டத்துக்குத் தன் கூட்டத்தை நடத்திச் செல்வான். பழைய கடனுக்கும் புதிய பணத்துக்கும் உள்ள இடைவெளி அவன் மடியில் தங்கும். முழுத் தொகையும் தொழிலாளரின் தலையில் ஏறும். துண்டில் எழுதிய தொகை சரியா என்று கேட்க, ஏடு தொழிலாளியின் கையில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அது புள்ளிகளாக மறைந்த எழுத்துத்தான்.

முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவது 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறைக்குரிய குற்றமாக இருந்தது. துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. அதே காலத்தில் சிறைத் தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. ஆயினும் ‘பத்துச்சீட்டு’ எஞ்சி நின்றது. வேலையினின்றும் நீக்கும்போது தரப்படும் இந்தச் சீட்டுத் தோட்ட மக்களின் பேச்சில் அச்சத்துக்கு ஒரு பெயராகவே ஆகிவிட்டது. பத்துச்சீட்டுக் கிடைத்தவனுக்கு வேலையோடு லயத்து அறையும் போயிற்று. நிர்வாகி ஒருவர் ஒரு கணக்கைச் செயலற்றதாக்குவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அந்த அதிகாரத்தை ஒருமுறையேனும் பங்கிட்டுக் காட்டிய பெருமையும் பதுளைக்கே உரியது. 1940ஆம் ஆண்டு, முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டதன் பின்னர், வேலை நிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியது. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் பதுளைக்கருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையோடு கலந்தே காரியங்களை நடத்தத் துரை இணங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிஸ் படையின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். போர்க்கால அரசு விரைந்து அடக்கியது. ஜூன் மாதத்தில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர். சபை நிலைக்கவில்லை என்பது உண்மை. எனினும், நிர்வாகத்தின் திறப்பு ஒரு மனிதனின் சட்டைப்பையில் மட்டுமே இருந்தாக வேண்டும் என்பது இயற்கை விதியன்று என்பதை ஊவாவின் தொழிலாளர் நாட்டுக்கு எடுத்துக் காட்டினர்.

இனி நமது வரலாற்றின் மிகப் பெரிய மறுப்புக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்ட மக்களின் வாக்குகள் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. அவர்களில் எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியின் பிரதிநிதியாவார். தோட்டத்து வாக்குகள் பல தொகுதிகளில் இடதுசாரிகளையும் வலுப்படுத்தின. இந்த வாக்கு ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்திற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையிற் பிறந்திருப்பது போதாது, தந்தையோ முன்னோரோ இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. கணக்கு ஒரே இரவில் செயலற்றதாக்கப்பட்டது. கடவுச்சொல் மாறவில்லை, மக்கள் மாறவில்லை, ஏடு மாற்றப்பட்டது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்று ஒரு சிறு கதவைக் காட்டிற்று. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இத்தீவில் வாழ்ந்ததைக் காட்டியாக வேண்டும். இரண்டு ஆண்டுத் தவணை 1951 ஆகஸ்ட் 5இல் முடிந்தது. வந்து குவிந்தவை சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர். பத்தாண்டுக்கு மேல் நீடித்த விசாரணையின் முடிவில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

மற்றவர்கள் பொய் சொன்னார்களா? முன்னர்க் கேட்ட கேள்விகளை இங்கே கேட்டுப் பார்ப்போம். சொன்னது சொன்னபடி எழுதப்பட்டதா? ஒரே பெயரைக் கணக்கப்பிள்ளை செக்ரோலில் ஒருவிதமாக எழுதுவார். பிறப்புப் பதிவில் அது வேறுவிதமாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் மூன்றாவது விதமாக எழுதுவார். முருகாயியும் முருகாயம்மாளும் ஒருத்திதான் என்பதை லயம் அறியும், கோப்பு அறியாது. எந்த ஏட்டோடு ஒத்துப் பார்த்தார்கள்? தோட்டத்துப் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு துரைக்கே இருந்தது. வதிவிடத்துக்குச் சான்றாகக்கூடிய செக்ரோலும் அவர் அலுவலகத்திலேயே இருந்தது. தன் வாழ்வைத் தான் நிரூபிக்க, தன்னை வேலைக்கமர்த்தியவரின் ஏட்டைத் தொழிலாளி இரந்து பெற வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் நெடுங்காலம் தங்கியிருந்ததும் ‘இடையறாத வாழ்வை’ அறுத்துவிடக்கூடும். இவ்வாறு பொருந்தாமற் போனவற்றையெல்லாம் நேர்மையின்மை என்று எண்ணியது அரசு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கணினி பகைமையின்றி மறுக்கிறது. சட்டம் அவ்வாறு மறுக்கவில்லை. வாக்குச் சீட்டு உழைப்பாளியின் கையிலிருந்து நீங்க வேண்டும் என்ற வர்க்க நோக்கும் இனநோக்கும் அதன் பின்னே நின்றன. ஆனால் இரண்டிலும் மறுக்கப்பட்டவரின் நிலை ஒன்றே: பழி அவர்மேலேயே விழுகிறது.

1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவராக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பதுளைப் புகையிரத நிலையத்தின் கண்ணீரைக் கண்டவர்களின் பிள்ளைகள் இன்றும் ஊவாவில் வாழ்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தும் புறப்படாது இங்கேயே தங்கிவிட்டவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிரகடனத்தின் மூலம் பிரஜாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏற்கப்படாத அதே மனிதரின் அதே சொல் அன்று ஏற்கப்பட்டது. சொல் மாறவில்லை, ஒத்துப் பார்க்கும் விதி மாறிற்று.

ஆயினும் காகிதத்தின் துன்பம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர்க்காக அழுது முடிப்பதற்குள், மண்ணுள் புதைந்த அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மீளப் பெறும் கவலை பிழைத்தவர்களைச் சூழ்ந்தது. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கவும், நிவாரணம் பெறவும், வங்கிக் கணக்குத் திறக்கவும் காகிதம் வேண்டுமே! இலக்கமுறை அடையாள அட்டைக்கான ஆயத்தங்கள் நாட்டில் நடைபெற்றுவரும் இக்காலத்தில் இதை நாம் மறத்தலாகாது. பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்துப் பிழை இருந்தால், நாளைய ஏட்டிலும் அந்தப் பிழை இன்னும் உறுதியாக அமர்ந்துவிடும். எழுத்தரோடு வாதிடலாம், திரையோடு வாதிட முடியாது.

ஆகவே ஆசிரிய நண்பர்களும் மாணவரும் செய்யக்கூடியது என்ன? தோட்டப் பாடசாலையின் கணினி அறையிலிருந்தே தொடங்கலாம். அங்கே நிர்வாகி உரிமையுள்ள கணக்குகள் இரண்டேனும் இருக்கட்டும். அவை இருவர் பொறுப்பில் இருக்கட்டும். கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அதிபரின் அலுமாரியில் வைத்து, யார் எப்போது பிரித்தார் என்று பதிந்து வைக்கட்டும். அந்த ரோமானியப் பலகை செய்த வேலையும் இதுவே. ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது பாடசாலையின் சொல்லும் அவரோடு பண்டாரவளைப் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறது. பல மாதம் கணினி வெறும் மரப்பெட்டியாக நிற்கிறது. இது ஆசிரியரின் குற்றமன்று. பொதுச் சொத்தின் திறப்பை ஒருவர் நினைவில் மட்டும் பூட்டி வைத்த ஏற்பாட்டின் குற்றம். அன்றாடப் பாடத்துக்கு மாணவருக்குச் சாதாரணக் கணக்கே போதும். நிர்வாகி கணக்கு தேவைப்படும்போது மட்டும் திறக்கப்படட்டும். அதிகாரத்தைப் பங்கிடுவது வேறு, அவிழ்த்து விடுவது வேறு.

அதன் பின் இதே பயிற்சியை லயங்களுக்குக் கொண்டு செல்லலாம். உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பேர் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு தோட்டத்தின் குடும்பங்களைச் சந்தித்து, ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் ஒன்றுபோல எழுதப்பட்டிருக்கிறதா, தேதி பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். பொருந்தாதவற்றைப் பட்டியலிட்டு, பிரதேசச் செயலகத்தில் திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். கணினியில் நான்கு கேள்விகளைக் கேட்கக் கற்ற மாணவனுக்கு இது கடினமான வேலையன்று. தன் பாட்டியின் விண்ணப்பம் 1950களில் ஏன் மறுக்கப்பட்டது என்பதையும் அவன் அப்போது விளங்கிக்கொள்வான். பாட்டி பொய் சொல்லவில்லை என்பதையும் விளங்கிக்கொள்வான்.